லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் துப்பாக்கி: அமெரிக்க மாநிலங்கள் ஏன் தளர்த்திக்கொண்டே போகின்றன?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே இப்போது லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகலாம் என்கிறான். நிஜமா? இத்தனை துப்பாக்கிச் சூடு நடக்கிற நாட்டில் சட்டத்தை இறுக்காமல் தளர்த்துகிறார்களே, அதில் யாருக்கு என்ன அரசியல் லாபம்? ஹெச்-1பி விசாவில் இருக்கும் அவனும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தப்பு செய்தால் ஜெயில். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஒரு மாநில அரசு முறையாகக் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டெக்சாஸ் மாநிலச் சட்டம் தளர்ந்துவிட்டது என்பதால் மத்திய சட்டம் தளர்ந்துவிடாது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தம்பி எந்த முடிவெடுத்தாலும் ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கட்டும். நாடு கடத்தல் வரைக்கும் போகிற விஷயம் இது.

சரி, இனி பெரிய கேள்விக்கு வருவோம். ஆமாம், நிஜம்தான். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர், எந்த லைசென்ஸும் பயிற்சியும் இல்லாமல் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, வெளியே தெரியும்படியோ சட்டைக்குள் மறைத்தோ எடுத்துச் செல்லலாம். டெக்சாஸ் மட்டும் இல்லை. 2024இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்துகொண்டதும், இப்படி லைசென்ஸ் கேட்காத மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. ஐம்பதில் பாதிக்கு மேல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைக் கையில் வாங்கவே லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவில் வாங்குவது ஒரு சட்டம், வீட்டில் வைத்திருப்பது ஒரு சட்டம், தெருவில் எடுத்துப்போவது இன்னொரு சட்டம். கடையில் வாங்கினால் 1998 முதல் கம்ப்யூட்டர் வழியாக உடனடிப் பின்னணிச் சோதனை உண்டு. தனி ஆளிடம் கைமாற்றி வாங்கினால், மத்திய சட்டப்படி அதுவும் தேவையில்லை; சில மாநிலங்கள்தான் தாங்களாகவே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எனவே பல மாநிலங்களில், ஒரு ஆள் துப்பாக்கியோடு பொது இடத்துக்கு வருவதற்கு முன் அரசு அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்த ஒரே இடம் இந்த எடுத்துச்செல்லும் லைசென்ஸ்தான். இப்போது எடுத்துவிட்டது அதைத்தான்.

பழைய கௌபாய் காலத்துக்குத் திரும்புகிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள். அது கௌபாய் காலத்துக்குச் செய்யும் அநியாயம். 1881இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் ஓகே கொரால் பக்கத்தில் நடந்த அந்தப் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு ஒரு காரணமே, ஊருக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்ற நகராட்சி விதியை அமல்படுத்தப் போலீஸ் போனதுதான். டெக்சாஸோ 1871லேயே பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. அந்தத் தடை 120 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1934இல் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்ல வந்த தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர் கார்ல் ஃபிரெடரிக், கண்டவரெல்லாம் துப்பாக்கியோடு திரிவதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும், அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி லைசென்ஸோடு மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னார். இன்றைக்குத் துப்பாக்கி உரிமைக்காக முன்னணியில் நிற்கும் அதே சங்கத்தில் ஒருவர் இதைச் சொன்னால் அடுத்த நாள் பதவியில் இருக்க மாட்டார்.

அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? துப்பாக்கிப் பிரியர்களின் பணமும் பிரசாரமும் என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். பணம் உண்டுதான். ஆனால் அந்தப் பிரசாரம் எடுபட்டதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பழைய லைசென்ஸ் முறை, அதை வைத்திருந்த அதிகாரிகளாலேயே நாறிப்போயிருந்தது.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் வந்த சல்லிவன் சட்டம். டாமனி ஹால் என்ற அரசியல் கோஷ்டியின் பெரிய தலையான டிமதி சல்லிவன் கொண்டுவந்தது. மறைத்து எடுத்துச்செல்ல வேண்டுமானால் 'தகுந்த காரணம்' காட்ட வேண்டும் என்று பின்னால் அது இறுகியது. எது தகுந்தது என்பதை லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி முடிவு செய்வார். என் தெருவில் திருட்டு அதிகம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வருகிறேன் என்றால் போதாது. மற்றவர்களுக்கு இல்லாத தனி ஆபத்து உங்களுக்கு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் யாருக்குக் கிடைத்தது? நகை வியாபாரி, ரியல் எஸ்டேட் முதலாளி, பிரபலம், ஓய்வு பெற்ற போலீஸ். டொனால்ட் டிரம்ப் நியூயார்க்கில் லைசென்ஸ் வைத்திருந்தவர்தான். நியூயார்க் போலீஸின் லைசென்ஸ் பிரிவிலேயே லஞ்சம் வாங்கி பெர்மிட் கொடுத்ததாக 2016 முதல் வழக்குகள் வந்தன, சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கலிபோர்னியாவில், சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் சான்டா கிளாரா கவுன்டியில், பெர்மிட் விஷயத்தில் ஆதரவாளர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் சலுகை காட்டினார் என்ற குற்றச்சாட்டில் அந்த கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் லாரி ஸ்மித் 2022இல் பதவி விலகினார்; அவர் முறைகேடு செய்ததாக அங்கே ஜூரியும் தீர்ப்புச் சொன்னது. தாலுகா ஆபீஸில் நாம் பார்க்காத கதை ஒன்றும் இல்லை இதில்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இது லஞ்சத்தைவிட அசிங்கமாக இருக்கும். 1956இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அவர் மறைத்து எடுத்துச்செல்ல பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. அவரைவிடத் 'தகுந்த காரணம்' அன்றைக்கு அமெரிக்காவில் யாருக்கு இருந்திருக்கும்? ஃபுளோரிடாவில் 1893இல் வந்த துப்பாக்கி லைசென்ஸ் சட்டத்தைப் பற்றி, அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ரிவர்ஸ் புஃபர்ட் 1941இல் ஒரு தீர்ப்பில் வெளிப்படையாகவே எழுதினார்: அது கறுப்பினத் தொழிலாளர்களை நிராயுதபாணி ஆக்குவதற்காகப் போட்ட சட்டம், வெள்ளையர்கள் மீது பாய்வதற்காகப் போட்டது இல்லை, அப்படிப் பாய்ந்ததும் இல்லை என்று. நீதிபதியே ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன வாதாடுவது?

இதன் இன்னொரு முகத்தை கலிபோர்னியாவில் பார்க்கலாம். 1967 மே மாதம், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேன்தர் கட்சியினர் கையில் துப்பாக்கியோடு சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்து வந்தார்கள். அன்றைக்கு அது சட்ட விரோதம் இல்லை. சில மாதங்களுக்குள், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச்செல்வதைத் தடை செய்யும் முல்ஃபர்ட் சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்ட் ரேகன். பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் கண்ணான தலைவர்.

ஆக, அதிகாரியின் இஷ்டப்படி என்ற முறைக்கு எதிராக, தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அது நியாயமான கோரிக்கையாகவே தெரிந்தது. வாஷிங்டன் மாநிலம் 1961லேயே அப்படிச் சட்டம் போட்டது. வெர்மான்ட் இன்னும் விசேஷம்: அங்கே லைசென்ஸே என்றைக்கும் இருந்ததில்லை, ரட்லண்ட் நகரம் கொண்டுவந்த ஒரு விதியை 1903இலேயே மாநில உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸைத் தேர்ந்தெடுக்கிற மாநிலம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இடது வலது கணக்கு எப்போதும் நேர்க்கோட்டில் ஓடாது.

ஆனால் அலையைக் கிளப்பியது ஃபுளோரிடா, 1987இல். பின்னாலிருந்து தள்ளியவர் மேரியன் ஹாமர் என்ற பெண்மணி. ரைஃபிள் சங்கத்துக்காக ஃபுளோரிடா சட்டமன்றத் தாழ்வாரத்தில் பல பத்தாண்டுகள் நின்றவர். பிறகு அந்தச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் ஆனார். கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சிச் சான்றிதழ், கட்டணம். இவை சரியாக இருந்தால் அரசு மறுக்க முடியாது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஷெரீஃபின் முகம் பார்த்து நிற்கிற வேலை ஒழிந்தது.

ஃபுளோரிடாவில் இந்த லைசென்ஸைக் கொடுப்பது போலீஸ் இல்லை, வேளாண்மைத் துறை. ஆரஞ்சுப் பழத்துக்கும் பெட்ரோல் பங்க் மீட்டருக்கும் பொறுப்பான அதே துறை. 2018இல் வெளிவந்த ஒரு விசாரணை அறிக்கையின்படி, 2016 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு மேல் விண்ணப்பங்களுக்கான தேசியப் பின்னணிச் சோதனைகளில் ஒன்றை அந்தத் துறை பார்க்கவே இல்லை. காரணம்? அதற்குப் பொறுப்பான ஊழியருக்கு அந்த சிஸ்டத்துக்குள் லாகின் ஆக முடியவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் முறை உள்ளே இருந்து எப்படி உளுத்துப்போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி உங்கள் தம்பி இருக்கும் டெக்சாஸ். 1991 அக்டோபர் 16, கில்லீன் என்ற ஊரில் லூபிஸ் என்ற சாப்பாட்டுக் கடை. மதிய நேரம், கூட்டம். ஒருவன் தன் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே விட்டு, இறங்கிச் சுட ஆரம்பித்தான். 23 பேர் செத்தார்கள். அங்கே அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருந்தவர் சுசானா கிராஷியா ஹப், எலும்பு மூட்டு வைத்தியர். வழக்கமாக அவர் பையில் ஒரு ரிவால்வர் இருக்கும். அன்று பையில் இல்லை, வெளியே காரில் இருந்தது. சட்டப்படி எடுத்துச்செல்லக் கூடாது, மாட்டினால் வைத்தியத் தொழில் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். கவிழ்த்த மேஜைக்குப் பின்னால் கிடந்தவர், கை பைக்குள் போன பிறகுதான் அது அங்கே இல்லை என்று உறைத்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். அப்பா எழுந்து கொலைகாரனை நோக்கி ஓடினார், சுடப்பட்டார். ஜன்னல் வழியாகத் தப்பிய மகள், அம்மாவும் பின்னால் வருகிறார் என்று நினைத்தார். அம்மா கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரும் சுடப்பட்டார்.

இந்தக் கதையை அவர் நாடு முழுக்கப் போய்ச் சட்டமன்றக் குழுக்களின் முன்னால் சொன்னார். அதை நேரில் கேட்டுவிட்டு, புள்ளிவிவரத்தைக் காட்டி இல்லையம்மா என்று சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் வராது. 1993இல் டெக்சாஸ் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ், இந்த விஷயத்தை மக்களின் வாக்குக்கு விடும் மசோதாவைக்கூட வீட்டோ செய்தார். அடுத்த வருடம் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் தோற்றார். தோல்விக்கு அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் அரசியல்வாதிகள் படித்துக்கொண்ட பாடம் அதுதான். 1995இல் புஷ் கையெழுத்திட்டார். ஹப் 1996இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

அந்த 1995 சட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கு அது கறாரான சட்டமாகத் தெரியும். பத்து முதல் பதினைந்து மணி நேர வகுப்பு. எழுத்துத் தேர்வு. சுடும் தேர்வு: 50 தோட்டா, 3 கஜத்தில் இருபது, 7 கஜத்தில் இருபது, 15 கஜத்தில் பத்து, 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுக்க வேண்டும். 140 டாலர் கட்டணம். பிறகு ஒவ்வொன்றாக உருவினார்கள். 2013இல் வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. 2016 ஜனவரி முதல் லைசென்ஸ்காரர்கள் வெளிப்படையாகவே இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பல்கலைக்கழக வளாகத்திலும் மறைத்து எடுத்துச்செல்லலாம். அந்தத் தேதி, ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் மாணவர்களைச் சுட்டுத் தள்ளிய சம்பவத்தின் சரியான ஐம்பதாவது ஆண்டு நாள். வேண்டுமென்றே வைத்தார்களா, கவனிக்காமல் வைத்தார்களா, எனக்கு இரண்டுமே மோசமாகத்தான் தோன்றுகிறது. 2017இல் கட்டணம் 140இலிருந்து 40 டாலர். 2019 ஆகஸ்டில் எல் பாசோ வால்மார்ட்டிலும், அந்த மாதக் கடைசியிலேயே மிட்லண்ட்-ஒடெசாவிலும் படுகொலைகள். அதற்கடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில், 2021இல், லைசென்ஸே போயிற்று. கவர்னர் கிரெக் ஆபட் சான் அன்டோனியோவில் அலமோ கோட்டையில் வைத்து விழா எடுத்தார். மறு ஆண்டு மே மாதம் உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும்.

இந்தக் கடைசிப் படிதான் நீங்கள் கேட்ட அரசியல். ஏனென்றால், 'தகுதி இருந்தால் கொடு' என்பதற்கு மக்கள் ஆதரவு இருந்தது. 'லைசென்ஸே வேண்டாம்' என்பதற்கு இல்லை. பெர்மிட் இல்லாமல் மறைத்து எடுத்துச்செல்ல விடலாமா என்று எந்தக் கருத்துக்கணிப்பில் கேட்டாலும் பெரும்பான்மை வேண்டாம் என்கிறது. அதில் ரிப்பப்ளிகன் வாக்காளர்களும் கணிசமாக இருக்கிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஹூஸ்டன், டல்லாஸ் மாதிரி ஊர்களின் போலீஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள். இண்டியானாவில் மாநிலப் போலீஸ் தலைவர் டக் கார்ட்டர், அவரை நியமித்த கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, சட்டமன்றத்தில் வந்து இது எங்கள் ஆட்களுக்கு ஆபத்து என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்படியும் 2022இல் சட்டம் ஆனது. போலீஸ் பக்கம் நிற்கிறோம் என்று எல்லா மேடையிலும் சொல்கிற கட்சி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் போலீஸ் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எப்படி முடிகிறது என்றால், பிரைமரி. அமெரிக்காவில் பெரும்பாலான சட்டமன்றத் தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டையாக வெட்டி ஒட்டப்பட்டவை. அங்கே நவம்பர் தேர்தல் சும்மா ஒரு சடங்கு. நிஜப் போட்டி வசந்த காலத்தில் கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தல். அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் டெக்சாஸில் ரிப்பப்ளிகன் பிரைமரிக்கு வருகிறவர்கள் மொத்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. வருகிறவர்களில் துப்பாக்கி உரிமைக்காகவே ஓட்டுப் போடுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் எம்எல்ஏக்களுக்கான மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, ஏ முதல் எஃப் வரை. ரைஃபிள் சங்கத்தையே மென்மை என்று திட்டுகிற 'கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா' போன்ற அமைப்புகள் வலது பக்கத்திலிருந்து நெருக்குகின்றன. இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் அவர்களில் யாரும் இந்த ஒரு காரணத்துக்காக எம்எல்ஏவை மாற்ற மாட்டார்கள். ஆதரிப்பவர்கள் மாற்றுவார்கள். கணக்கு அவ்வளவுதான்.

ஜார்ஜியாவின் பிரையன் கெம்ப் 2018இலேயே லைசென்ஸை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் ஜெயித்தார். ஜெயித்த பிறகு மூன்று ஆண்டுகள் அதைத் தொடவில்லை. 2022இல் டிரம்ப் அவர் மேல் கோபத்தில் டேவிட் பெர்டூவை எதிரே நிறுத்தினார். மே மாதம் பிரைமரி. ஏப்ரலில் கெம்ப் ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒஹையோவின் மைக் டிவைன் கதை இன்னும் பரிதாபம். 2019 ஆகஸ்டில் டேட்டனில் 9 பேர் கொல்லப்பட்டதும் அஞ்சலிக் கூட்டத்தில் பேசப் போனார். "ஏதாவது செய்யுங்கள்!" என்று கூட்டம் அவரைப் பேசவே விடவில்லை. அவரும் பின்னணிச் சோதனையை வலுப்படுத்தும் யோசனைகளோடு சட்டமன்றத்துக்குப் போனார். அவர் கட்சியே அதைக் கிடப்பில் போட்டது. 2022 மார்ச்சில், பிரைமரிக்கு முன்னால், அவர் கையெழுத்திட்டது லைசென்ஸ் தேவையில்லை என்ற சட்டத்தில். ஏதாவது செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டார். ஃபுளோரிடாவில் ரான் டிசான்டிஸ் 2023 ஏப்ரலில் கேமராக்களைக் கூப்பிடாமல் அறைக்குள்ளேயே கையெழுத்திட்டார். அதிபர் தேர்தல் கனவு இருந்தது. பிரைமரிக்குச் சட்டம் வேண்டும், நவம்பருக்குப் படம் வேண்டாம்.

நீதிமன்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்புக்கு 1791இல் வந்த இரண்டாவது திருத்தம் ஆயுத உரிமையைப் பற்றிப் பேசினாலும், அது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில். அதுவும் வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வரைக்கும்தான். வீட்டு வாசலைத் தாண்டி தெருவுக்கு வந்தது 2022 ஜூன் 23இல், புரூயன் வழக்கில். ஆறுக்கு மூன்று. நியூயார்க்கின் 'தகுந்த காரணம்' செத்தது; அதோடு கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலண்ட், மாசசூசெட்ஸ், ஹவாயின் அதே மாதிரி விதிகளும். உவால்டி நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே நாளில், சில தெருக்கள் தள்ளி, முப்பது ஆண்டுகளாக முடியாத ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை இரண்டு கட்சியும் சேர்ந்து செனட்டில் நிறைவேற்றின. ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு திசை.

புரூயன் வழக்கில் பலர் கவனிக்காத ஒன்று, நியூயார்க் சட்டத்தை எதிர்த்தவர்களுக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் வாதம் எழுதிக் கொடுத்தவர்களில் பிராங்க்ஸில் ஏழைகளுக்காக வாதாடும் அரசு உதவி வக்கீல்களும் இருந்தார்கள் என்பது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஆண்டுக்கணக்கில் உள்ளே போன அவர்களின் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய எல்லாருமே கறுப்பினத்தவரும் லத்தீன் வம்சத்தவரும். பணக்காரனுக்கு பெர்மிட், ஏழைக்குச் சிறை என்றால் அந்தச் சட்டத்தை நாங்கள் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் லைசென்ஸே கையில் இருந்தாலும் கறுப்பினத்தவர்களுக்கு அது காவல் ஆகாது என்பதை 2016இல் மினசோட்டாவில் பார்த்தோம். ஃபிலாண்டோ காஸ்டீல் முறையான பெர்மிட் வைத்திருந்தார். காரை நிறுத்திய போலீஸிடம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது சார் என்று மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் விடுதலையானார். ரைஃபிள் சங்கம் நெடுநாள் வாயைத் திறக்கவில்லை.

அதே புரூயன் தீர்ப்பில் நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில், கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சி இவற்றைக் கேட்கிற சாதாரண லைசென்ஸ் முறை செல்லும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதனால், அரசியலமைப்பு கட்டாயப்படுத்துகிறது, லைசென்ஸை ஒழித்தே ஆக வேண்டும் என்று ஒரு எம்எல்ஏ சொன்னால் அது உண்மை இல்லை. நீதிமன்றம் ஒழித்தது அதிகாரியின் இஷ்டத்தை. மீதியை ஒழித்தது சட்டமன்றங்கள், தாமாகவே.

சரி, இதனால் குற்றம் கூடியதா குறைந்ததா? தொண்ணூறுகளில் ஜான் லாட் என்ற பொருளாதார ஆய்வாளர் துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்றார், அதை வைத்துப் பல மாநிலங்களில் சட்டம் வந்தது. 2004இல் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு ஆராய்ந்து, அப்படி முடிவுகட்ட ஆதாரம் போதாது என்றது. பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஜான் டொனஹியூ குழு நீண்ட காலத் தரவுகளை வைத்து, எளிதாகக் கொடுக்கும் சட்டம் வந்த மாநிலங்களில் பத்தாண்டுகளுக்குப் பின் வன்முறைக் குற்றம், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட 13 முதல் 15 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டது. எனக்கு டொனஹியூ பக்கம் கனமாகத் தெரிகிறது. லைசென்ஸ்காரர்கள் சுடுவதால் மட்டும் கூடுவதில்லை. கையில் துப்பாக்கியோடு வெளியே வருகிறவன், ஆபீஸுக்குள்ளோ மைதானத்துக்குள்ளோ போகும்போது அதைக் காரில் வைத்துவிட்டுப் போகிறான். கார் கண்ணாடி உடைபடுகிறது. இன்றைக்கு அமெரிக்க நகரங்களில் துப்பாக்கி திருட்டுப் போவதற்கு முக்கியமான வழியே நிறுத்தி வைத்த கார்தான்.

டெக்சாஸ் அரசே வெளியிடும் கணக்கில், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் குற்றத்தில் தண்டனை பெறுவது பொதுமக்களைவிட வெகு குறைவு. இதைக் காட்டித்தான், பாருங்கள் இவர்கள் எவ்வளவு யோக்கியர்கள், இவர்களுக்கு எதற்கு லைசென்ஸ் என்று வாதாடினார்கள். வகுப்புக்கு வந்து, கைரேகை கொடுத்து, தேர்வில் தேறி வந்தவர்களின் யோக்கியதையைக் காட்டி, அந்த வகுப்பையும் கைரேகையையும் தேர்வையும் எடுத்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. லைசென்ஸ் தேவையில்லாத மாநிலங்களிலும் லைசென்ஸ் வாங்குவது நிற்கவில்லை. லைசென்ஸ் கேட்கிற பக்கத்து மாநிலம் உங்கள் மாநில லைசென்ஸை மதித்தால்தான் அங்கே எடுத்துப்போக முடியும். பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு இருக்கக் கூடாது என்று 1990இலிருந்து மத்திய சட்டம் இருக்கிறது; மாநில லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விலக்கு. நகரத்தில் பள்ளியிலிருந்து ஆயிரம் அடி தள்ளி ஒரு தெரு எங்கே இருக்கிறது? மாநிலம் லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னதை நம்பி நடந்து போகிறவர், ஒவ்வொரு பள்ளித் தெருவிலும் ஏட்டளவில் மத்திய சட்டத்தை மீறிக்கொண்டே போகிறார்.

அடுத்த சண்டை இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒரு மாநிலத்தின் துப்பாக்கி அனுமதியை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்ற மசோதா. 2017 டிசம்பரில் கீழவையில் 231க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் தூங்கியது. 2025இல் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். அது தேறினால், நியூயார்க் புரூயனுக்குப் பிறகு அவசரமாகக் கொண்டுவந்த 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான். வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, கடை வாசல். டெக்சாஸில் உங்கள் தம்பி சில கடைக் கதவுகளில் 30.06, 30.07 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நீளமான அறிவிப்பு பார்த்திருப்பார். முதலாவது, லைசென்ஸ்காரரே ஆனாலும் மறைத்து எடுத்து வராதே. இரண்டாவது, வெளியே தெரியும்படி எடுத்து வராதே. எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது வரை சட்டத்தில் இருக்கிறது. 2021க்குப் பிறகு லைசென்ஸ் இல்லாதவர்களுக்காக 30.05 என்று மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. பாரில் சிவப்பு எழுத்தில் 51% என்று இருந்தால் யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது. வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கிற மதுவிலிருந்து வருகிற இடம் என்று பொருள். முதலாளி போர்டு வைக்காவிட்டால் துப்பாக்கி உள்ளே வரலாம், அதுதான் டெக்சாஸ் விதி. ஹவாய் 2023இல் இதைத் தலைகீழாக்கியது: பொதுமக்கள் வரும் தனியார் இடமானாலும், முதலாளி வரலாம் என்று சொல்லாவிட்டால் துப்பாக்கி உள்ளே வரக் கூடாது. போர்டு வைக்கிற பாரம் யார் தலையில் என்பதுதான் தகராறு. அந்த வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.